உடம்பைத் தேடிப் போனவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் ஏதாவது சொல்லிவைக்க எனக்கு மனம் வரவில்லை. உன் வார்டில் இறந்த பாட்டியை எரித்து, சாம்பலைப் படகில் கொண்டுபோய்க் கடலில் தூவிவிட்டார்கள் என்றாய். "பூசையில உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்னு சொல்றோமே அம்மா, எந்த உடல்?" என்று கேட்டாய். மக்களே, நீ பாட்டிக்காக மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் சின்ன மாமாவின் பெயரை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஈஸ்டர் வருகிற இந்த வாரத்தில் எழுதாமல் வேறு எப்போது எழுதுவது?

லேசான விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எரிப்பதைத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது. 2016-ல் உரோமையிலிருந்து வந்த அறிவுரை, சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவாமல் கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. இறந்தவரை ஊரும் உறவும் மறந்துவிடக் கூடாது, அவருக்காகச் செபிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். எரித்துவிட்டால் கடவுளால் எழுப்ப முடியாது என்று சபை ஒருபோதும் சொன்னதில்லை.

அப்படிச் சொன்னவர்கள் எதிராளிகள்தான். கி.பி. 177-ல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி எப்படி உயிர்ப்பார்கள் பார்ப்போம் என்பதுதான் அவர்கள் கணக்கு. உயிர் தப்பியவர்கள் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. உடலை அடக்கம் செய்ய முடியவில்லையே என்ற துக்கம் அதில் இருக்கிறது. உயிர்ப்பு போய்விட்டதே என்ற பயம் ஒரு வரியிலும் இல்லை. கடலில் மூழ்கியவர்களும் மிருகங்கள் தின்றவர்களும் எப்படி எழுவார்கள் என்ற கேள்வியை ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகஸ்தீனார் எடுத்துப் பேசியிருக்கிறார். ஆக, நீ புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. திருத்தூதர் பவுலிடமும் கொரிந்து ஊர்க்காரர்கள் இதையே கேட்டார்கள். அவர் 'அறிவிலியே' என்று ஆரம்பித்துத்தான் பதில் சொன்னார். நான் அவ்வளவு கோபக்காரி இல்லை.

அவர் சொன்ன பதில் உனக்குத் தெரியும். விதைப்பது வெறும் மணி, முளைத்து வருவது வேறு உருவம், ஆனாலும் அந்த மணியிலிருந்தே வருகிறது. அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. சபையும் விளக்கவில்லை. எந்த எலும்பு, எந்தச் சதை என்று கணக்குக் கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

இத்தனை சங்கடம் இருந்தும் 'உடல்' என்பதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதை நீ யோசிக்க வேண்டும். ஆன்மா அழியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். ஏதென்சில் பவுல் பேசும்போது படித்தவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள். இறந்தவர் எழுந்தார் என்று சொன்னதும் சிலர் கேலி செய்தார்கள். யூதர்களுக்குள்ளேயே சதுசேயர் என்ற பிரிவினர் இதை ஏற்கவில்லை, பரிசேயர் என்ற பிரிவினர் ஏற்றார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு மக்களையும் அவர்கள் தாயையும் கொன்ற கதையை வாசித்துப் பார். மூன்றாவது மகன் வெட்டுவதற்குக் கைகளை நீட்டியபடியே, விண்ணகம் தந்த கைகள் இவை, திரும்பப் பெறுவேன் என்கிறான். அவன் கேட்டது தன் கைகளை. பக்கத்தில் நின்ற அம்மாவும் அதைத்தான் கேட்டிருப்பாள். பெற்றவளுக்குப் பிள்ளை என்றால் கை, கால், நெற்றித் தழும்பு, குரல் எல்லாம் சேர்ந்ததுதானே.

இனி உன் வேலைக்கு வருகிறேன். இறந்தவரைத் துடைத்து, கண்ணை மூடி, துணி போர்த்தி அனுப்புகிற வேலையை நீ எனக்கு அதிகம் சொல்வதில்லை. முதல் ஈஸ்டர் அந்த வேலையில்தான் தொடங்கியது. இயேசு இறந்தது வெள்ளி பிற்பகல் மூன்று மணிவாக்கில். சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள். அதற்குள் அரிமத்தியா ஊர் யோசேப்பு ஆளுநர் பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்க வேண்டும். சிலுவையில் செத்தவன் உடல் உறவுக்காரர் கைக்கு வருவதே அரிது. 1968-ல் எருசலேமில் தோண்டியபோது, ஆணி அடித்தபடியே குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. அந்த ஒருவனுக்காவது அடக்கம் கிடைத்திருக்கிறது. இயேசுவுக்கும் கிடைத்தது, ஆனால் அவசர அடக்கம். நிக்கதேம் முப்பது கிலோவுக்கு மேல் வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவந்தார் என்கிறார் யோவான். மாற்குவும் லூக்காவும் பெண்கள் மறுபடி நறுமணப் பொருள்களோடு போனார்கள் என்கிறார்கள். ஆண்கள் கட்டிய கட்டு பெண்களுக்குத் திருப்தியாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்தப் பெண்கள் உயிர்ப்பைப் பார்க்கப் போகவில்லை, பாதியில் நின்ற வேலையை முடிக்கப் போனார்கள். கல்லை யார் புரட்டுவார் என்பதற்கே வழியில்லாமல்தான் விடியற்காலையில் கிளம்பினார்கள். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள், பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. பிறகு சொன்னபோதும் திருத்தூதர்களுக்கு அது பிதற்றலாகப்பட்டது. பெண் சாட்சியை ஏற்கக் கூடாது என்று அந்த நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்புவே எழுதிவைத்திருக்கிறார். கதை கட்டுகிறவர்கள் சாட்சிக் கூண்டில் இவர்களையா ஏற்றுவார்கள்? சுமார் 55-ல் எழுதிய கடிதத்தில் பவுல், உயிர்த்தவரைப் பார்த்தவர்கள் என்று கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டோர், யாக்கோபு என்று வரிசையாகச் சொல்கிறார். பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தொனி. அந்த வரிசையில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. பவுல் மேல் எனக்கு இன்றும் இருக்கிற குறை அது. மகதலா மரியாவின் நாளை மற்றத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் உயர்த்தினார். தாமதம்தான், ஆனாலும் வந்ததே.

கல்லறைப் பக்கம் நின்ற இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்து மரியா கேட்டதைக் கவனி. அவரை எங்கே வைத்தீர், சொல்லும், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறாள். ஒற்றைப் பெண், ஓர் ஆணின் உடலைச் சுமந்துபோவாளாம். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு நம் கடப்புறத்தில் உன் மாமியும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பையாவது தாங்க, நான் தூக்கிட்டுப் போறேன். ஒக்கிப் புயல் அடித்தபோது, உன் சின்ன மாமாவைப் போலத் தங்கல் தொழிலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போனவர்கள் கரையிலிருந்து எவ்வளவோ தூரத்தில் இருந்தார்கள். கேரளக் கரையில் உடல் ஒதுங்கியது என்று தகவல் வரும்போதெல்லாம் வேன் பிடித்துப் போனோம். முகம் பார்த்து அடையாளம் காண முடியாது. ஒரு தடவை இடுப்புக் கயிற்றின் முடிச்சைப் பார்த்துவிட்டு, 'இது எங்க வீட்டு முடிச்சு இல்ல' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள் மாமி. டி.என்.ஏ. சோதனைக்கு நானும் இரத்தம் கொடுத்தேன். எதுவும் பொருந்தவில்லை. படத்தை வைத்துப் பூசை வைத்தோம். நீ அப்போது நர்சிங் பரீட்சையில் இருந்தாய்.

அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலரும், 'ஆத்துமா மோட்சம் சேர்ந்தாச்சு, உடம்பு மண்ணுதானே' என்றார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை அது இல்லை, மகளே. உடம்பு வெறும் மண் என்றால் கல்லறை காலியாக வேண்டிய அவசியமே இல்லை. இயேசுவின் ஆவி சீடர்கள் நெஞ்சில் வாழ்கிறது என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படி முடிக்காமல், என்னைத் தொட்டுப் பாருங்கள், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறவரை நமக்குக் காட்டுகிறது நற்செய்தி. சீடர் தோமா புதுமை எதுவும் கேட்கவில்லை, ஆணித் தழும்பைக் கேட்டார். அது இருந்தது. மரணத்தையே வென்ற உடலில் அந்தத் தழும்பை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பட்ட பாடு எதுவும் இல்லாமல் எழுந்திருந்தால், எழுந்தது வேறு யாரோ என்றாகியிருக்கும். தோமா இந்தக் கரைகளுக்கு 52-ல் வந்தார் என்பது மரபு. தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோட்டு அரப்பள்ளியையும் அவர் கட்டியதாகத்தான் சொல்கிறார்கள். நம் பக்கத்துக்கு முதலில் அனுப்பப்பட்டவர் தழும்பைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை உன் தாத்தா வாசிக்கச் சொல்லிக் கேட்பார், நினைவிருக்கிறதா? இராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் இல்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று வலப்பக்கம் வீசச் சொல்கிறார். பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். 'உணவருந்த வாருங்கள்' என்கிறார். வலையில் 153 பெரிய மீன்கள். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று அகஸ்தீனார் பெரிய விளக்கம் சொல்லியிருக்கிறார். தாத்தா அதைக் கேட்டுச் சிரித்தார். 'பங்கு பிரிக்கணும்ல, எண்ணித்தானே ஆகணும்' என்றார். எனக்குத் தாத்தா பக்கம்தான். செத்து எழுந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் மீனை எண்ணியிருக்கிறார்கள். அந்தக் காலையில் தொழிலும் பசியும் அப்படியேதான் இருந்தன.

பாஸ்கா இரவைப் பற்றி, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் விடுதலைப் பயணம் 14 மட்டும் கட்டாயம். கடல் பிளந்து இஸ்ரயேலருக்கு வழிவிட்ட பகுதி. 2018-ல் அதை வாசிக்கத் தொடங்கியதும் மாமி எழுந்து வெளியே போய்விட்டாள். குருசடிப் படியில் உட்கார்ந்திருந்தவளிடம் போனேன். 'யாருக்கு வழிவிட்டுது மைனி?' என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேனே தவிர பதில் சொல்லவில்லை. உள்ளே அல்லேலூயா பாடி மணி அடித்தபோதும் இருவரும் அங்கேதான் இருந்தோம். இப்போதெல்லாம் அவள் எழுந்து போவதில்லை. மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்கிறாள். எப்படி என்று நான் கேட்டதில்லை. ஈஸ்டர் வந்தால் துக்கம் தீர்ந்துவிட வேண்டும் என்று பேசுகிறவர்களை மட்டும் எனக்குப் பிடிக்காது. பாஸ்கா திரியிலேயே ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தித்தானே ஏற்றுகிறோம்.

மாமியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. திருவெளிப்பாடு 20-ல், கடைசி நாளில் கடல் தன்னிடமிருந்த இறந்தோரைத் திருப்பிக் கொடுத்தது என்று வருகிறது. சாவும் பாதாளமும் கொடுப்பதற்கு முன்னே கடலைத்தான் சொல்லியிருக்கிறார் யோவான். கடலில் போனவர்களைக் கடவுள் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை. உன் வார்டுப் பாட்டிக்கும் மாமாவுக்கும் சேர்த்து நான் நம்புவது அதைத்தான், 'எந்த உடல்' என்பது தெரியாமலேயே.

இதில் அப்பாவுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது கடலும் இல்லாமல் போயிற்று என்று எழுதியிருக்கிறதே, அதெப்படி என்கிறார். பாதர் பொறுமையாக விளக்கினார். அந்த நூலில் கொடிய விலங்கு எழும்புவது கடலிலிருந்து, அதனால் அங்கே கடல் என்றால் தீமை, அழிவு என்று எடுக்க வேண்டும் என்றார். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'உயிர்த்த பெறவும் மீன் தின்ன ஆளு பாதர். கடல ஒழிப்பாரா?' என்றார். பாதர் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நைட் டியூட்டி முடிந்து போன் பண்ணும்போது நீயே அப்பாவிடம் பேசிப் பார், என்னால் முடியவில்லை.

அன்புடன்,
அம்மா