ஸ்டர்ஜனுக்குக் குளிர் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுத் தோட்டத்தில் மீன்குளம் அமைப்பது பற்றிச் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையில், நுவரெலியாக் குளிருக்கு ஸ்டர்ஜன் மீன்கூட வளரும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் என் மகள் வீட்டுக் குளத்தில் இரண்டு ஸ்டெர்லெட் மீன்கள் இருந்தன. ஸ்டர்ஜனில் அது சிறிய வகை. அதுவே ஒரு மீற்றர் வரை வளரும். வாங்கும்போது சாண் நீளம்தான். எதைத் தின்னும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளும் அதே குளத்தில் இருந்த கோய் என்ற அலங்கார மீனுக்கான மிதக்கும் தீனியையே போட்டாள். ஸ்டர்ஜனுக்கு வாய் தலைக்கு அடியில் இருக்கிறது. மீசை போன்ற நான்கு இழைகளால் தரையைத் தடவித்தான் இரை தேடும். மிதந்ததை எல்லாம் கோய் விழுங்கிவிட, இவை அடியில் வெறுங்கல்லைத் தடவிக்கொண்டிருந்தன.

ஒருநாள் காலை, அவற்றில் ஒன்று நூல்பாசிக்குள் தலை சிக்கி அசையாமல் கிடந்தது. இந்த மீனுக்குப் பின்னோக்கி நீந்த எளிதில் வராது. சிக்கினால் மேலும் மேலும் முன்னேதான் முட்டும். கையை விட்டு, பாசியை இழை இழையாகப் பிரித்தேன். முதுகில் வரிசையாக இருந்த எலும்புத் தகடுகள் விரலில் உரசின. அவற்றுக்கு இடையே சதையே இல்லை. மாலைக்குள் இறந்துவிட்டது. மற்றதைப் பெரிய குளம் உள்ள ஒருவரிடம் கொடுத்தோம்.

நம் ஊரில் குளிர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டெர்லெட் டானூப், வோல்கா போன்ற பேராறுகளில் திரியும் மீன். முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் பீலித் தண்ணீர் குறைந்து, மார்ச் வெயிலும் ஏறினால் நீரில் ஒக்சிசன் இறங்கிவிடும். மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். மேலே மரக்கறித் தோட்டத்துக்கு அடித்த மருந்து மழையோடு எங்கே வந்து சேரும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். தொட்டி நிரம்பி வழிந்தால் வெளிநாட்டு மீன் நம் ஓடைக்குள் போய்விடும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

எஞ்சியுள்ள 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழியும் ஆபத்தில் இருப்பதாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2022இல் அறிவித்தது. அப்படிப்பட்ட உயிரை அழகுக்காகத் தொட்டியில் அடைக்கச் சொல்வது சரியா?

அடுத்த இதழிலேயே இதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு என் பக்கத்து வீட்டுக்காரர் தொட்டிக்குக் கல் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நானுஓயா.