இடது பக்கக் கண்ணாடியை விரித்து வையுங்கள், மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுத்தரும் எல்லா மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவரிடம் படித்தவள்தான். நாற்பத்து மூன்று வயதில், தினமும் காலை ஆறரை மணிக்கு, எல் போர்டு மாட்டிய சின்ன வெள்ளைக் காரில், நாளுக்கு அரை மணி நேரம் என்று கற்றுக்கொண்டேன். கிளட்சை எப்படி விடுவது, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் எப்படிக் கிளப்புவது, இரண்டு பக்கமும் வண்டி நிற்கும் தெருவில் எப்படி ரிவர்ஸ் எடுப்பது எல்லாவற்றையும் அந்த மாஸ்டர் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்று வண்டியை எடுக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரின் இடது பக்கக் கண்ணாடி, நான் படித்த அத்தனை நாளும் மடங்கியே இருந்தது. முதல் நாள் கேட்டேன். "அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேம்மா, நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். உண்மையாகவே அவர் பார்த்துக்கொண்டார். லைசென்ஸ் வாங்கி என் காரில் தனியாக ஏறிய பிறகு அந்தப் பக்கம் பார்க்க ஆள் இல்லை.

எட்டு மாதம் கழித்து, சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை தாண்டி, பெட்ரோல் பங்குக்குத் திரும்புவதற்காக நடு லேனிலிருந்து இடது பக்கம் வந்தேன். சென்டர் மிரர் பார்த்தேன், பின்னால் தூரத்தில் ஒரு பஸ். இடது கண்ணாடி பார்த்தேன், ஒன்றும் இல்லை. இண்டிகேட்டர் போட்டு, மெதுவாகத்தான் திருப்பினேன். அப்போது ஹாரனும் ஒரு பெண்ணின் அலறலும் சேர்ந்து கேட்டது. என் பின் கதவை ஒட்டி ஒரு ஸ்கூட்டர். ஓட்டியவருக்குப் பின்னால் மனைவி, முன்னால் பள்ளிச் சீருடையில் நின்றபடி ஒரு பையன். அவர் பிரேக் பிடித்துக் காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார், யாரும் விழவில்லை. பக்கத்தில் வந்து, திட்டக்கூட இல்லை, "கண்ணாடியைப் பாத்து ஓட்டுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் கண்ணாடியைப் பார்த்திருந்தேன், மாஸ்டர். பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஓட்டுவது போலவே உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியில் எனக்கு என்னதான் தெரிகிறது என்று பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு என் காரின் பின் கதவும் அதன் கைப்பிடியும். மீதி முழுக்க காருக்கு நேர் பின்னால் இருக்கும் தெரு. அந்தத் தெரு சென்டர் மிரரிலேயே தெரிகிறது, இதைவிடப் பெரிதாக, இதைவிடத் தெளிவாக. வலது கண்ணாடியிலும் அதே கதை. மூன்று கண்ணாடி இருந்தும் நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் ஒரே இடத்தை. பின் கதவிலிருந்து ஒரு கார் நீளத்துக்குப் பின்வரை இரண்டு பக்கமும் இருக்கும் இடம், அந்த ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்த இடம், எதிலுமே இல்லை. அதைத்தான் பிளைண்ட் ஸ்பாட் என்கிறோம். ஸ்கூட்டர் என்ன, ஒரு காரே முழுசாக மறைந்துகொள்ளும் அளவுக்கு இடம் அது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தவர்களின் கார்களில் எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வருடமாக ஓட்டுகிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், எங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேர். எல்லோரும் கண்ணாடியை ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறார்கள், தன் வண்டியின் பக்கவாட்டு நன்றாகத் தெரியும்படி. கேட்டால் "டிரைவிங் ஸ்கூல்ல அப்படித்தான் சொன்னாங்க" என்கிறார்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். கார் கம்பெனிக்கோ போக்குவரத்து போலீசுக்கோ எழுதுவதைவிட உங்களுக்கு எழுதினால் பலன் அதிகம் என்று நினைக்கிறேன். முதல் நாள் நீங்கள் சொல்வதுதான் ஒருவரின் கையில் ஆயுள் முழுக்க நிற்கிறது.

இதற்கான வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-லேயே அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பக்கக் கண்ணாடிகளை நாம் வழக்கமாக வைப்பதைவிடக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியை ஒரு பங்கு திருப்பினால் அதில் தெரியும் காட்சி இரண்டு பங்கு நகரும், பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியின் விதி. அதனால் விரல் நுனியால் தள்ளும் அளவே போதும். அவர் சொன்னது இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள கார்களுக்கு, நாம் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். முதலில் சீட். முதுகு சீட்டில் படிய, கால் கிளட்சை முழுசாக அமுக்க எட்டும்படி சீட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் கண்ணாடிக்கே போக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு சீட்டை நகர்த்தினால் எல்லாம் மாறிவிடும். அடுத்து சென்டர் மிரர், காரின் பின் ஜன்னல் முழுவதும் அதில் அடங்கும்படி. அப்புறம் வலது பக்கம். தலையை வலது ஜன்னல் கண்ணாடியில் கிட்டத்தட்ட முட்டும்வரை சாய்த்துக்கொண்டு, அந்த நிலையில் காரின் பின்பக்க ஓரம் மட்டும் மயிரிழை அளவு தெரியும்வரை கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும். இடது பக்கத்துக்கு, தலையைக் காரின் நடுப்பகுதிக்கு, இரண்டு முன் சீட்டுக்கும் இடையில், சென்டர் மிரருக்கு நேராக வரும்படி சாய்த்து அதையே செய்ய வேண்டும். மேல் கீழாகப் பார்த்தால், தூரத்து ரோடு கண்ணாடியின் நடுவில் வந்தால் போதும். நிமிர்ந்து உட்கார்ந்ததும் உங்கள் காரின் பக்கவாட்டு இரண்டு கண்ணாடியிலும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் காரை நிறுத்தி வைத்தே சோதிக்கலாம். நான் என் மகனைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலிருந்து, பக்கத்து லேனில் வண்டி வருவது போல ஓர் ஆள் உயர இடைவெளி விட்டு நடந்துவரச் சொன்னேன். பழைய அமைப்பில் அவன் சென்டர் மிரரிலிருந்து இடது கண்ணாடிக்கு வந்தான், அதிலிருந்து மறைந்தான், கொஞ்ச தூரம் எங்குமே இல்லை, பிறகு முன் கதவின் பக்கம் திடீரென்று முளைத்தான். அந்த இடைவெளியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பள்ளிச் சீருடைப் பையன்தான் கண்ணுக்குள் வந்தான். கண்ணாடியை மாற்றி வைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னேன். சென்டர் மிரரை விட்டு விலகும்போதே பக்கக் கண்ணாடியில் வந்துவிட்டான், அதை விட்டு விலகும்போதே ஓரக்கண்ணில் நேராகத் தெரிந்தான். ரோட்டில் உங்களை ஓவர்டேக் செய்யும் வண்டியையும் இப்படியே ஒரு கண்ணாடியிலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து கண்ணுக்கு என்று கைமாற்றிக்கொண்டே வரலாம்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "சொந்த வண்டியோட சைடே தெரியலைன்னா, பின்னாடி வர்றவன் எவ்ளோ தூரத்துல இருக்கான்னு எப்படி மதிப்புப் போடறது?" நியாயமான கேள்வி. எனக்கும் முதல் நாலைந்து நாள் எதையோ தொலைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் நம் கார்களின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை, அதில் வண்டி இருப்பதைவிடச் சின்னதாக, தள்ளி இருப்பது போலத்தான் தெரியும், கண்ணாடியின் அடியில் அந்த எச்சரிக்கையே அச்சடித்திருக்கும். தூரத்தை அதில் மதிப்பிடுவதே தப்பு. தூரத்துக்கு சென்டர் மிரர், பக்கத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்குப் பக்கக் கண்ணாடி. இந்தப் பிரிவினையை மாணவருக்குச் சொல்லிவிட்டால் குழப்பம் போய்விடும். ரிவர்ஸ் எடுக்கும்போது, குறுகலான கேட்டுக்குள் விடும்போது காரின் ஓரம் தெரிய வேண்டும்தான். அதற்குத் தலையைச் சாய்த்தால் போதும், சாய்த்துத்தானே வைத்தோம். ராத்திரியில் இன்னொரு நிம்மதியும் கிடைத்தது. நேர் பின்னால் ஹைபீமில் வருகிறவரின் வெளிச்சம் முன்பு போலப் பக்கக் கண்ணாடி வழியாகக் கண்ணில் அடிப்பதில்லை.

திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. லேன் மாறும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு விநாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறது. கண்ணாடி சரியாக இருந்தால் அந்தத் திரும்பல் சின்னக் கழுத்தசைவோடு முடியும். இல்லையென்றால் உடம்பையே பின்னால் திருப்ப வேண்டும், அதற்குள் முன்னால் ஷேர் ஆட்டோ நின்றிருக்கும்.

அதிலும் இடது பக்கம். மற்ற நாடுகளில் எப்படியோ, நம் ஊரில் டூவீலர்கள் பெரும்பாலும் இடது பக்கமாகத்தான் முந்துகிறார்கள். அது சட்டப்படி சரியா என்பது வேறு விஷயம், வருகிறார்கள், அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பும் ஆட்டோவும் அந்தப் பக்கம்தான், திடீரென்று ரோட்டில் இறங்கும் மனிதரும் அந்தப் பக்கம்தான். ஓட்டுகிறவருக்கோ அது எட்டாத பக்கம், முன் சீட்டில் உட்கார்ந்தவரும் மறைக்கும் பக்கம். ஒரு காலத்தில் குறைந்த விலைக் கார்கள் இடது கண்ணாடியே இல்லாமல் வந்தன, அந்தப் பழக்கத்தில்தான் இன்னும் பலர் அதை அலங்காரமாக நினைக்கிறார்களோ என்று தோன்றுகிறது. நெரிசலில் தட்டிவிடும் என்று மடக்கி வைப்பவர்களை தினமும் பார்க்கிறேன். தட்டினால் மடங்கிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள், மறுபடி விரித்துக்கொள்ளலாம்.

சென்டர் மிரரில் தொங்கும் பொம்மை, பின் கண்ணாடிக்கு முன்னால் அடுக்கிய தலையணை, ஊருக்குப் போகும்போது கூரைவரை ஏற்றிய பை, இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாமி படம் டேஷ்போர்டில் இருக்கட்டும், கண்ணாடியில் வேண்டாம்.

டூவீலர் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்களும் இதைப் படிப்பீர்கள். எட்டுப் போடக் கற்றுத்தரும் பிள்ளைகளிடம், காரின் பின் கதவுக்குப் பக்கத்தில் அதே வேகத்தில் ஒட்டியே போகாதே, முந்து அல்லது பின்னால் வா என்று சொல்லுங்கள். லாரி, பஸ் என்றால் இன்னும் கவனம். டிரைவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நம் முகமும் அவருக்குத் தெரியாது. இதைப் புரியவைக்க எந்தப் படமும் வேண்டாம், நின்றிருக்கும் ஒரு லாரிக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திக் காட்டினால் போதும்.

பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 15-ஆம் விதி, லைசென்ஸ் கேட்டு வருகிறவர் என்னவெல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. அதில் முதலில் எழுதியிருப்பதே கண்ணாடியைச் சரிசெய்வதுதான். சிக்னல் கொடுக்கும் முன், திரும்பும் முன், முந்தும் முன், நிறுத்தும் முன் கண்ணாடியைப் பார்க்கிறாரா என்பதும் அதே விதியில் இருக்கிறது. என் டெஸ்ட் மூன்று நிமிடத்தில் முடிந்தது, கண்ணாடியைத் தொடும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார், டெஸ்டில் கேட்கிற எதையும் அவர் விட்டதில்லை. கேளுங்கள் சார். "இடது கண்ணாடியை சரி பண்ணுங்க, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்ற ஒரே கேள்வி போதும், அடுத்த வாரமே எல்லாப் பள்ளிகளிலும் பாடம் ஆகிவிடும்.

மாஸ்டர், உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஒரே காரில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயரம், எல்லோருக்கும் அரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மாற்றினால் நேரம் போகும். பழகிவிட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் பக்கத்திலிருந்து பின்னால் பார்க்க உங்களுக்குத் தனியாக ஒரு கண்ணாடி வேண்டுமென்றால், ஒட்டவைக்கும் சின்னக் கண்ணாடிகள் எல்லா ஆக்சசரீஸ் கடையிலும் கிடைக்கின்றன. மாணவரின் கண்ணாடியை மாணவருக்கே விட்டுவிடுங்கள்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் கல்லூரி முடித்துவிட்டாள், வரும் திங்கட்கிழமை காலை உங்களில் ஒருவரிடம் முதல் வகுப்புக்கு வருகிறாள். கொஞ்சம் பயந்த சுபாவம், உயரமும் குறைவு, சீட்டை நன்றாக முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். இழுத்து உட்கார்ந்ததும், சாவியைத் திருப்பும் முன்னால், அவளையே அந்த இடது பக்கக் கண்ணாடியை விரித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து உங்கள் பழைய மாணவி