யாழ் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு, வடமராட்சி கிழக்கிலிருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிராமத்துச் சனம் ஏமாந்து வாக்களித்துவிட்டது என்ற பொருளில் உங்களில் ஒருவர் சென்ற ஞாயிறன்று மறுபடியும் ஆசிரியத் தலையங்கம் தீட்டியிருப்பதால் இம்மடலை எழுத வேண்டியதாயிற்று. 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனதிலிருந்து இந்தக் குற்றச்சாட்டை வாசித்து வருகிறோம். முடிவுகளோ தேர்தல் தொகுதி வாரியாகவே வெளியாயின. எங்கள் ஊர் எவருக்குப் புள்ளடி இட்டது என்பது எங்களுக்கே தெரியாதபோது, நகரத்தில் இருக்கும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சென்ற மாசியில் ஓரிரவு, இந்திய றோலர் இழுவைப் படகுகள் என் அயலவரின் வலைகளை அள்ளிக்கொண்டு போயின. விடியப்புறம் அவர் கரைக்குக் கொண்டுவந்தவை நான்கு மிதப்புக் கட்டைகளும் அறுந்த கயிறும்தான். வலை கடனுக்கு வாங்கியது. மனைவியின் தாலிக்கொடி ஏற்கெனவே அடகில். நானே ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது, படம் இருந்தால் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். போன வலையை எப்படிப் படம் பிடிப்பது? அந்தக் கட்டைகளை மணலில் பரப்பிப் பிடித்து அனுப்பினேன். மூன்றாம் நாள் உட்பக்கமொன்றில் நான்கு வரி வந்தது, ஊரின் பெயரும் பிழையாக.

றோலர்கள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்த நாட்டில் இது ஏன் ஓயவில்லை என்று அமைச்சரிடம் கேட்க, கரையில் நின்று பார்த்த ஒரு நிருபர் வேண்டும். ஆகவே எங்கள் பகுதியிலேயே தங்கியிருந்து எழுதும் ஒருவரை நியமியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

எங்கள் ஊர்ப் பெயர் பிழையின்றி அச்சாகும் பக்கமும் உங்களிடம் உண்டு: மரண அறிவித்தல். அதற்கு நாங்கள் காசு கட்டுகிறோம். தேர்தல் முறைகேடுகளை எழுதிய செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000ஆம் ஆண்டு தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட மண்ணில், இன்று ஐயாமார் மேசையை விட்டு எழும்பினால் உடம்பு நோகுமாக்கும்.

கடுஞ்சொல்லைப் பொறுத்தருள வேண்டும். நிருபரை அனுப்ப அடுத்த மாகாண சபைத் தேர்தல் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். வடக்கில் அது கடைசியாக நடந்தது 2013இல். அவர் தங்க எங்கள் வாடியில் இடம் உண்டு. இம்மாதத்துக்குள்ளேயே ஒருவரை நியமித்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளி ஒருவர்