செயலாளர் ஆண்டறிக்கை: உயர்மலைப் பயணத் திட்டப் படிவத்தில் செய்த திருத்தங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

அறிக்கை ஆண்டில் செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட வேலை, 4,000 மீட்டருக்கு மேல் செல்லும் பயணங்களுக்கான திட்டப் படிவத்தைத் திருத்தியதுதான். புதியவர்களுக்கான படிவத்தில் கை வைக்கவில்லை. இத்திருத்தம் முழுக்க அனுபவசாலிகளுக்கானது. நன்றாக நடப்பவர்தான் விறுவிறுவென்று ஏறிவிடுகிறார். விறுவிறுவென்று ஏறுபவரைத்தான் உயரநோய் (மெலிந்த காற்றுக்கு உடல் பழகாததால் வரும் நோய்) பிடிக்கிறது. உடற்பயிற்சி அதைத் தடுப்பதில்லை. தாழ்ந்த மலைகளில் எத்தனை ஆண்டு நடந்திருந்தாலும் இந்த விஷயத்தில் அது கைகொடுக்காது.

முதல் பக்கம்: தூங்கும் உயரம்

பழைய படிவம் வழித்தடத்தில் தொடங்கி, நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டது. புதியதில் முதலில் நிரப்ப வேண்டியது ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரம். 3,000 மீட்டரைத் தாண்டிய பின் ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் மேலே போய்விட்டு இறங்கி வந்து தூங்கினால் தவறில்லை, உடல் பழக அது நல்லதும்கூட.

முகாம் இடங்கள் நம் வசதிக்கு அமையாது என்பது தெரிந்ததே. எவரெஸ்ட் அடிவார முகாம் வழியில் லுக்லா 2,860 மீட்டர்; நாம்சே 3,440. நாம்சேயிலும் 4,410 மீட்டரில் உள்ள திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு தங்குவது வழக்கமானதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மாறாக, கிளிமஞ்சாரோவின் மரங்கு வழியைப் பாருங்கள்: குடில்கள் 2,720, 3,720, 4,720 மீட்டர்களில் உள்ளன. இரவுக்கு ஆயிரம் மீட்டர்! அங்கிருந்து உச்சி 5,895. நடுக் குடிலில் ஓர் இரவு கூட்டினாலும் கடைசித் தாவல் அப்படியேதான் இருக்கிறது. அங்கே போகும் குழு, முன்னதாக வேறொரு மலையில் சில இரவுகள் தூங்கிப் பழகிவிட்டு வருவதாகத் திட்டம் கொடுத்தால்தான் செயற்குழு ஒப்புதல் தரும்.

அட்டவணையில் ஒவ்வொரு முகாமுக்கு எதிரேயும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துள்ளோம்: 'இங்கிருந்து ஆயிரம் மீட்டர் கீழே இறங்க எத்தனை மணி நேரம்? வழியில் ஏற்றம் உண்டா?' கணவாய் கடக்கும் பயணங்களில் இதுதான் பெரிய பொறி. நீண்ட மேட்டுநிலத்தில் முகாம் போட்டால், கீழே போவதற்கே ஒரு மேட்டை ஏறித் தாண்ட வேண்டியிருக்கும். மூச்சு முட்டும் ஒருவரை வைத்துக்கொண்டு அது நடக்காது. விடை திருப்தியாக இல்லையென்றால் அந்த இரவை நீக்க வேண்டும், அல்லது முகாமை நகர்த்த வேண்டும். வழிகாட்டியிடம் கேட்டு எழுதுவதோடு நிறுத்தாமல், வரைபடத்தின் சமஉயரக் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள்.

உடல்நிலைப் பதிவேடு

காலை, மாலை இரு வேளையும், உயரநோயை அளக்கும் லேக் லூயிஸ் மதிப்பெண் எழுத வேண்டும். 2018 திருத்தத்தின்படி தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைச்சுற்றல் என நான்கு அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. தூக்கமின்மை இப்போது கணக்கில் இல்லை, பழைய அட்டையை வைத்திருப்போர் தூக்கிப் போட்டுவிடவும். தலைவலி இருந்து, கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உயரநோய் என்றே கொள்க. அன்று மேலே ஏற்றம் இல்லை. ஓய்வெடுத்தும் கூடினால் இறக்கம்.

உயரநோய் முற்றி வரும் மூளை வீக்கத்தைக் கண்டறிய எளிய சோதனை: குதிகாலைப் பெருவிரலில் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும். பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாவது இரவில் தலைகாட்டும். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தால் எண் தவறாக வரும். கையைச் சூடாக்கிவிட்டு, அதே ஆளின் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

உயரநோய் முன்தடுப்புக்கு அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏற்றத்துக்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கமான அளவு. மருத்துவர் எழுதித் தராமல் யாரும் தொடக் கூடாது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் இம்மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம். கையில் மாத்திரை இருப்பது இரவுக்கு 800 மீட்டர் ஏறுவதற்கான அனுமதி அல்ல.

குழுத் தலைவருக்கும் உயரநோய் வரும். வந்தால் முதலில் கெடுவது முடிவெடுக்கும் திறன்தான். ஆகவே தலைவரையே திருப்பி அனுப்பும் அதிகாரத்துடன் இரண்டாமவர் ஒருவர் பெயரைப் படிவத்தில் எழுத வேண்டும். கையெழுத்து இருவருடையதும் தேவை.

எரிபொருளும் தண்ணீரும்

திட்டங்களில் மிகவும் குறைத்து எழுதப்படுவது எரிவாயுதான். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். உருகிய நீரைக் கொதிக்க வைக்கவும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் பிடிக்கும். 5,000 மீட்டரில் நீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆக, ஓடையில் மொண்ட நீருக்கு ஆகும் வாயுவைப்போல் இரு மடங்கு. அடுப்பில் பாதி வெப்பம் வீணாகிறது என்று வைத்தால், பனியிலிருந்து ஒரு லிட்டர் கொதிநீருக்குச் சுமார் 30 கிராம் வாயு. நால்வர், ஆளுக்கு நான்கு லிட்டர் என்றால் நாளுக்கு 480 கிராம். அதாவது 230 கிராம் எரிவாயுக் குப்பி (கேனிஸ்டர்) இரண்டும் போதாது. காற்று வீசினால் இன்னும் கூடும்.

கேனிஸ்டர்களை விமானத்தில் ஏற்ற முடியாது. போய்ச் சேரும் ஊரில் கிடைக்குமா, எந்தத் திருகு வகை என்பதை முன்பே உறுதி செய்ய வேண்டும். கலவையில் புரோப்பேன் முதலில் தீர்ந்து, கடைசியில் மிஞ்சும் பியூட்டேன் உறைகுளிரில் ஆவியாகாது. பாதி கனம் இருக்கும்போதே சுடர் சுருங்குவது இதனால்தான். இரவில் கேனிஸ்டரைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் எரியும். பனியை வெறும் பாத்திரத்தில் கொட்டாமல், அடியில் ஒரு குவளை நீர் விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இல்லையென்றால் பாத்திரம் கருகும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பதற்குத் தடை தொடர்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது தரும் தலைவலியை உயரநோய் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதியே அடிப்படை: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 9 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் 3 மணி 18 நிமிடம். 4,000 மீட்டருக்கு மேல் இதை ஒன்றரை முதல் இரு மடங்காகப் போடச் சொல்லியிருக்கிறோம். பனியாற்று ஓடைகளை விடியலில் கடக்கும்படி நாளை அமைக்கவும், பிற்பகலில் உருகுநீர் இடுப்பளவு வந்துவிடும். கணவாய் நாளுக்குத் திரும்பும் நேரத்தைப் படிவத்திலேயே எழுத வேண்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்கப்படாது.

பிற

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைப் படித்துப் பாருங்கள். பயணத்தின் மிக உயர்ந்த இடத்துக்குக் கீழே வரம்பு இருந்தால் அது வெறும் காகிதம். செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளுக்கு இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் முன் அனுமதி தேவை. தூக்கப்பையை அதில் குறித்துள்ள 'கம்ஃபர்ட்' வெப்பநிலை அளவு பார்த்து எடுங்கள், 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தங்கும் அளவு மட்டுமே. பவர் பேங்கும் அதே பைக்குள் தூங்கட்டும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு

எடுத்துச் செல்லத்தக்க அழுத்தப் பை ஒன்று வாங்குவது நிலுவையில் உள்ளது. நோயாளியை உள்ளே படுக்கவைத்து மிதிபம்பால் காற்றேற்றினால் 1,500 மீட்டருக்கு மேல் இறங்கியதற்குச் சமமான நிவாரணம் கிடைக்கும். ஆனால் விடாமல் மிதிக்க ஆள் வேண்டும், சுமையும் கணிசம், வெளியே எடுத்த பின் நோய் திரும்பலாம். இறக்கத்துக்கு மாற்றாக இதை வைத்துத் திட்டம் எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்பது செயற்குழுவில் ஒரு சாராரின் ஆட்சேபம். பை இருந்தாலும் முதல் பக்க அட்டவணையில் எந்தத் தளர்வும் இல்லை என்ற நிபந்தனையுடன் வாங்கலாம் என்று பரிந்துரைத்து, வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்