செக்கின் பின்பக்கம்

வவுனியா

அன்பின் நண்பா,

சிறுபோக நெல்லு நல்லாய் விளைந்ததென்று எழுதியிருந்தாய், சந்தோசம். வியாபாரியின் செக் காசில்லாமல் திரும்பிவிட்டதை அறிவித்து, நேற்றுப் போனில் சொன்னபடி ஆலைக்காரருக்குப் பதிவுத் தபால் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதைச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய படத்தில் செக்கின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பெறுமதியானது. எழுதியவர் வியாபாரி. அதை வாங்கி, பின்னால் ஒப்பமிட்டு, உங்கள் கமக்காரர் அமைப்புக்குத் தந்தவர் ஆலைக்காரர். வங்கி காசு கொடுக்காவிட்டால் தான் கொடுப்பதாக அந்த ஒப்பத்தால் அவர் ஏற்றுக்கொண்டார் என்பதே செக், நோட் போன்ற பத்திரங்களுக்கான 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தின் நிலை. வியாபாரி கையை விரித்தாலும் ஆலையும் காணியும் உள்ள ஒருவர் மிஞ்சுகிறார்.

ஆனால் செக் திரும்பியதை உரிய நேரத்தில் அறிவிக்காவிட்டால் அவர் தப்பிவிடுவார். ஒரே ஊரென்றால் அறிவித்தல் மறுநாளே அவர் கையில் கிடைக்கவேண்டும். வேறு ஊரென்றால் மறுநாள் தபாலில் சேரவேண்டும். வங்கி உனக்கு அறிவித்த நாளிலிருந்து உனக்கும் அதே அவகாசம்தான். வாயால் சொன்னாலும் செல்லும், பிறகு அவர் மறுத்தால் என்ன செய்வாய்? செக் இலக்கம், திகதி, தொகை, வங்கி சொன்ன காரணம், காசை அவரிடம் கேட்கிறோம் என்பது: ஐந்து வரி போதும். முகவரி சரியாயிருந்து நேரத்துக்குப் போட்டால், கடிதம் வழியில் தொலைந்தாலும் உனக்குப் பாதகமில்லை; அதனால் தபால் பற்றுச்சீட்டைக் கவனமாய் வை. கணக்கில் காசில்லாமல் திரும்பியதால் வியாபாரிக்கு அறிவித்தல் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு, பின்னால் ஒப்பமிட்டவருக்கும் தேவையில்லையாக்கும் என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் அதிகம்.

வியாபாரி அதே செக்கில் திகதியை வெட்டித் திருத்தித் தருகிறேன் என்கிறாராம். ஒருக்காலும் சம்மதிக்காதே. ஆலைக்காரர் சம்மதிக்காத திருத்தம் அவரை முழுதாக விடுவித்துவிடும். புதுச் செக் தந்தால் வாங்கு, ஆனால் காசு கணக்கில் சேரும்வரை பழையதைத் திருப்பிக் கொடாதே.

வழக்கென்று வந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் செக்குக்கும் புறோநோட் என்கிற கடன் பத்திரத்துக்கும் சுருக்க நடைமுறை உண்டு. எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் எதிர்வாதமே செய்யமுடியாது. வாதம் நொண்டியென்றால் காசையோ பிணையையோ கட்டச் சொல்வார்கள். அதற்கும் பத்திரத்தில் வெட்டுக்கொத்து, அழிப்பு இருக்கக்கூடாது. பொலிசுக்குப் போவோம் என்று உங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில் காசில்லாத செக் எழுதுவது குற்றம்தான், ஆனால் காசில்லை என்று தெரிந்தே எழுதினார் என்பதைக் காட்டவேண்டும். வெருட்ட உதவும், அதை மட்டும் நம்பி இருக்காதே.

மற்றது, உழவுக்காசுக் கடனுக்கு உங்கள் அமைப்பிடம் கடன் கொடுப்பவர் கேட்கிற புறோநோட். தொகை எழுதாத நோட்டில் அமைப்பின் தலைவர் ஒப்பமிடவே கூடாது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன்கொடுப்போர் கட்டளைச் சட்டப்படி கையில் கிடைத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, ஆண்டு வட்டி வீதம் மூன்றும் நோட்டிலேயே இருக்கவேண்டும். வெற்று நோட் வாங்குவது கடன் கொடுப்பவருக்கே குற்றம். ஒப்பத்துக்குக் கீழே வெறுமனே ‘தலைவர்’ என்று போட்டால் கடன் அவர் தலையில் விழலாம். ‘இன்ன கமக்காரர் அமைப்புக்காகவும் அதன் சார்பிலும்’ என்று எழுதித்தான் ஒப்பமிடவேண்டும். நோட்டுக்கு ஆறு வருடக் காலவரை. கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய நோட் என்றால் அது எழுதிய திகதியிலிருந்தே ஓடும். இடையில் வட்டி கட்டினால் கடைசியாய்க் கட்டிய நாளிலிருந்து புதிதாய் எண்ணவேண்டும்.

நோட்டில் ஒப்பமிட முதல் படமெடுத்து எனக்கு அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்