இதர செலவு

திருச்சி
23.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் காலையில் நீ என்ன சாப்பிட்டாய் என்பது வரைக்கும் அம்மா தினமும் விசாரித்துவிடுகிறாளே. இதைத் தாளில்தான் எழுதுகிறேன், தம்பி படம் பிடித்து அனுப்புவான். போனில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. அந்த நாலு வரியும் கோபமாக எழுதியதுபோல் உனக்குப் படுகிறது.

நீ படிக்கிற ஜெர்மனி டிரெஸ்டனிலிருந்து ஆறு பேராகச் செக் நாட்டுப் பிராக் போய் வந்த கணக்கை அனுப்பியிருந்தாய். பஸ் போக வர, ஹாஸ்டல் மூன்று ராத்திரி, அரிசி, தயிர், டிராம் டிக்கெட், காபி ஒன்று, அப்புறம் அந்தச் சர்க்கரை தடவிச் சுட்ட சுருள் ரொட்டி ஒன்றை மூன்று பேர் பிய்த்துத் தின்றது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நூறால் பெருக்கி ரூபாயும் போட்டிருந்தாய். கடைசியில் "சாரிப்பா, இனிமேல் போக மாட்டேன்" என்று மூன்று தடவை. முப்பத்தொரு வருஷம் தினமும் ராத்திரி டிப்போவில் பையைக் கவிழ்த்து, இன்வாய்ஸைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு வந்த ஆள் நான். எனக்கே கணக்குக் காட்டுகிறாயா?

கண்டக்டர் கண் முதலில் போய் நிற்பது "இதர செலவு" என்ற வரியில்தான். அதற்கு மட்டும் விவரம் இல்லை. தொகையோ போக வர ஆன பஸ் காசைவிடப் பெரியது. நான் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. 24 மணி நேர டிக்கெட்டை வெள்ளி ராத்திரி மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்தினாய். சனிக்கிழமை காலையில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை குத்தினாய். மெட்ரோவை விட்டு வெளியே வரும் இடத்தில் சாதா உடுப்பில் இருந்த செக்கர் ஒருவர் பேட்ஜைக் காட்டி நிறுத்தி அபராதம் போட்டுவிட்டார். அந்த ஊரில் டிக்கெட்டுக்கு நேரம் ஓடத் தொடங்குவது முதல் முத்திரையிலிருந்து. அதன்மேல் இன்னொன்று விழுந்தால் டிக்கெட் செல்லாது. குத்தாமல் போனாலும் தப்பு, இரண்டு தடவை குத்தினாலும் தப்பு.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், கண்டக்டர் பெண் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டாளே என்று. நான் சிரிக்கவில்லை, கொஞ்சம்தான் சிரித்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். என் சர்வீஸில் செக்கிங்கில் மாட்டியவர்களில் பாதிப்பேர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. டிக்கெட்டைச் சுருட்டிக் காதில் செருகியிருப்பார்கள், ஜன்னல் காற்றில் போயிருக்கும். பெண்கள் வாட்ச் வாரில் சொருகியிருப்பார்கள். சின்னப் பிள்ளை வாயில் போட்டு மென்றிருக்கும். செக்கர் ஏறி "டிக்கெட்" என்றதும் அவர்கள் முகம் வெளுக்கும் பார், திருடன் முகம் அப்படி வெளுக்காது. மெட்ரோ வாசலில் உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முழுக்கச் சிரிக்கவில்லை.

உன் கூட வந்த பையன் 50 யூரோவை மாற்றிய கதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே யூரோ இல்லை, கொருனா. ஒரு யூரோவுக்கு 24 கொருனா வரவேண்டிய நாளில் பழைய நகரச் சதுக்கத்துப் பக்கம் ஏதோ ஒரு கவுன்டரில் 900 கொருனாவை நீட்டினார்களாம். கணக்குப்படி 1,200. பையன் எண்ணிப் பார்க்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அரை மணி கழித்துப் புலம்பியிருக்கிறான். இதே குறை ரொம்ப நாளாக இருந்துதான் அந்த நாட்டில் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் அதே கவுன்டருக்குத் திரும்பிப் போனால் மாற்றியதை ரத்து செய்து முழுப் பணத்தையும் கொடுத்தாக வேண்டும். ஆயிரம் யூரோ வரைக்கும் இது உண்டு. அரை மணியில் தெரிந்தும் ஆறு பேரில் ஒருவருக்குக்கூட இது தெரியவில்லை. ஏடிஎம்மில் எடுத்தாலும் "யூரோவில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா" என்று கேட்கும். உள்ளூர்க் காசைச் சொல். யூரோ என்று அமுக்கினால் அந்த மிஷின்காரன் வைத்ததுதான் விலை.

சரி, குறை சொன்னது போதும். நீங்கள் செய்த காரியங்களில் பல எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு ராத்திரி பஸ் விலை அதிகம் என்று திங்கள் பஸ்ஸில் திரும்பியது, கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்குவதற்கு முன்னால் ஹாஸ்டல் மலிவாக இருக்கும்போதே போய்விட்டு வந்தது, அரண்மனை வளாகத்துக்குள் சும்மாவே நுழையலாம் என்று தெரிந்துகொண்டு உள்ளே காசு வாங்கும் இடங்களை விட்டது. எட்டுக் கட்டில் அறையில் பூட்டு கொண்டுபோனது உன் யோசனைதான் என்று தம்பியிடம் சொன்னாயாம். ஹாஸ்டல் சமையலறையில் நீ புளிக்காய்ச்சலைச் சுட வைத்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஜன்னலைத் திறந்தாள், அப்புறம் அவளே ஒரு கரண்டி வாங்கித் தின்றாள் என்றாயே, அதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த ஊர் ஓட்டல்களில் தண்ணீரைவிட பீர் மலிவு என்று படித்தேன். அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

22ஆம் நம்பர் டிராமில் ஏறி இறங்காமல் ஊரைச் சுற்றினீர்கள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். லீவு நாளில் நானும் பாஸை வைத்துக்கொண்டு வேறு டிப்போ பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். யாரோ விசில் ஊத, யாரோ சில்லறைக்குச் சண்டை போட, நான் சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். அம்மாவுக்கு இது இன்றுவரை புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கிறது.

பாலத்தின் படம் நன்றாக இருக்கிறது. 2024 செப்டம்பரில் நீ அங்கே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரம், டிரெஸ்டனில் கரோலா பாலம் நடு ராத்திரியில் இடிந்து எல்பே ஆற்றில் விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் அடிபடவில்லை என்று செய்தியில் வந்தது. ஆனாலும் இந்த ஊருக்கா பெண்ணை அனுப்புவது என்று நான் ரெண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அது 1971இல் கட்டிய பாலம். நீ இப்போது நின்று படம் எடுத்துக்கொண்ட சார்லஸ் பாலத்துக்குக் கல் வைத்தது 1357இல். 516 மீட்டர் நீளம், வெள்ளத்தில் சில வளைவுகள் போய்த் திரும்பக் கட்டியது உண்டு, இன்னமும் நிற்கிறது.

அதற்கு முகூர்த்தம் பார்த்த கதை உனக்கு யாராவது சொன்னார்களா? நான்காம் சார்லஸ் என்ற ராஜா ஜோசியர்களைக் கேட்டு, 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷத்துக்கு முதல் கல்லை வைத்தான் என்பார்கள். இலக்கங்களை வரிசையாக எழுதிப் பார்: 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. ஏறி இறங்குகிறது, பாலம் மாதிரியே. நம் வீட்டு வாசற்கால் வைக்க நான் நேரம் பார்த்தபோது "இந்தக் காலத்திலுமா அப்பா" என்றாய். ஐரோப்பாவில் ராஜாவே பார்த்திருக்கிறான். சாந்தில் முட்டை கலந்தார்கள் என்றும் ஒரு கதை இருக்கிறது. ஊர் ஊராக முட்டை கேட்டார்களாம், ஒரு ஊர்க்காரர்கள் வழியில் உடையாமல் இருக்க வேகவைத்து அனுப்பிவிட்டார்களாம். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு "இதில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருக்கிறார்கள்" என்று நான் சொன்னபோது நீயும் தம்பியும் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள்.

இன்னொன்று. அந்தப் பாலத்துக்குக் கீழே போகிற வல்டாவா தண்ணீர் வடக்கே போய் எல்பேயில் சேர்ந்து, நீ இருக்கும் ஊருக்குத்தான் வருகிறது. மேட்டூரில் திறந்தால் முக்கொம்புக்கு எப்போது வரும் என்று நாம் கணக்குப் போடுகிறோம் இல்லையா, அங்கேயும் அப்படித்தான். 2002 ஆகஸ்ட் 14ஆம் தேதி வாக்கில் பிராக்கை மூழ்கடித்த வெள்ளம் 17ஆம் தேதி டிரெஸ்டனில் 9 மீட்டர் 40 சென்டிமீட்டருக்கு ஏறியது. உன் அறை எத்தனாவது மாடி என்று நான் அன்றைக்குக் கேட்டது இதற்காகத்தான்.

திங்கள்கிழமை பஸ்ஸுக்கு முன்னால் ஒரு படம் அனுப்பினாய். ஒரு தெருவில் சுவரோரம் நூற்றுக்கணக்கில் மெழுகுவர்த்தி, கூட்டம். "யாரோ செத்துட்டாங்க போல" என்று எழுதியிருந்தாய். தெருப் பெயர் பலகை படத்தின் ஓரத்தில் இருந்தது. தம்பி பெரிதாக்கிக் காட்டினான், நாரொட்னி. தேதி நவம்பர் 17. 1939இல் அதே தேதியில் ஜெர்மன் படை அந்த ஊர் மாணவர் தலைவர்களைச் சுட்டுக் கொன்று கல்லூரிகளை எல்லாம் இழுத்து மூடியது. ஐம்பது வருஷம் கழித்து 1989இல் அதை நினைத்து ஊர்வலம் வந்த மாணவர்களை அந்தத் தெருவில்தான் போலீஸ் வளைத்து அடித்தது. அடி வாங்கியவர்கள் உன் வயதுக்காரர்கள். அடுத்த நாளே ஸ்டிரைக். அந்த டிசம்பர் முடிவதற்குள் அரசாங்கமே மாறிவிட்டது. அதன் நினைவாகத்தான் அந்த மெழுகுவர்த்திகள், நவம்பர் 17 அங்கே லீவு. கடைக்காரன் யாரையாவது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

இதற்கெல்லாம் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு ஒன்றில். அஞ்சல் வழியில் நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு வாத்தியார் பலகையில் பெரிதாக ஒரு பெயரை எழுதினார்: கமில் சுவெலபில். பிராக்கில் பிறந்தவர், அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பாலத்துக்கு முகூர்த்தம் பார்த்த அதே ராஜா 1348இல் தொடங்கிய பல்கலைக்கழகம். சங்கப் பாட்டையும் சித்தர் பாட்டையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மனிதர். 1968இல் சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்த பிறகு நாட்டை விட்டுப் போய், கடைசியில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார், 2009இல் போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகும் யாரொஸ்லாவ் வாசெக் என்பவர் அங்கே தமிழை விடாமல் நடத்தினார். டபுள் டியூட்டி முடித்துவிட்டு, காக்கிச் சட்டையில் சில்லறை வாசனையோடு உட்கார்ந்து குறுந்தொகையில் தூங்கி விழுந்துகொண்டிருந்தவன் நான். எங்கேயோ பனி பெய்கிற ஊரில் ஒருத்தர் இதையே உட்கார்ந்து படிக்கிறார் என்று கேட்டதும் தூக்கம் போய்விட்டது. அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து எனக்கு ஆசை.

அவர் பிறந்த நாள் என்ன தெரியுமா? 1927 நவம்பர் 17. நீ அந்த மெழுகுவர்த்திகளைப் படம் எடுத்தாயே, அதே நாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில், நீ நின்ற பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் "அங்கே போய் வாசலையாவது படம் எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லியிருப்பேன். நீ எனக்குப் பயந்து, போய் வந்த பிறகு கணக்கோடு சொன்னாய். லோன் என் தலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மாதம் 992 யூரோவுக்குள் இருந்தாக வேண்டும் என்றும் தெரியும். இரண்டும் எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு இடத்துக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனால் அப்பா செலவை மட்டும்தான் கேட்பான் என்று நீ நினைத்ததுதான் எனக்கு உறைத்தது. யோசித்துப் பார்த்தால் தப்பு உன்மேல் மட்டும் இல்லை. இரண்டு மாதமாக நான் போனில் கேட்டதெல்லாம் காசுக் கணக்குத்தானே.

அந்தக் கணக்கில் நீ எழுதாமல் விட்டதை எழுது. ஒன்பது மணிக்குப் பழைய கடிகாரத்துக்கு முன்னால் குளிரில் நின்றீர்களே, எலும்புக்கூடு மணியடித்தபோது யார் என்ன சொன்னது? பாலத்தில் உன் பக்கத்தில் சிவப்புக் குல்லா போட்டுச் சிரிக்கிற பெண் யார், எந்த ஊர்? அம்மாவுக்கு அதெல்லாம் தெரியுமாம், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அம்மா சொல்லச் சொன்னது: கையுறை நனைந்தால் ஹீட்டர்மேல் போட்டுவிட்டுத் தூங்காதே. பருப்புப் பொடி தீர்ந்தால் சொல், இங்கிருந்து ஜனவரியில் ஒரு பையன் வருகிறான்.

இரண்டு முத்திரை விழுந்த அந்த டிக்கெட் உன்னிடம் இருக்கிறதா, இல்லை அந்தச் செக்கர் வாங்கிக்கொண்டாரா? இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதே. ஊருக்கு வரும்போது கொண்டு வா. என் பழைய தோல் பையில் இடம் இருக்கிறது.

அன்புடன்
அப்பா