கருவடிக்குப்பத்தை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர ஊர்களில் கடைசிக் காலத்தைக் கழித்த நடிகர்கள், எழுத்தாளர்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதுச்சேரியைப் பற்றிய பகுதியை ஆவலோடு தேடிப் படித்தேன். கரிசல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) இருந்தார், எழுத்தாளர் பிரபஞ்சன் இருந்தார். சங்கரதாஸ் சுவாமிகளைக் காணோம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று பெயர் பெற்றவர் அடங்கியிருப்பது புதுச்சேரி கருவடிக்குப்பத்தில். அவரை விட்டுவிட்டு அந்த ஊரின் கதையை எப்படிச் சொல்வது? மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர் சுவாமிகள். முதலில் வேஷம் கட்டி நடித்தார். இவர் எமனாக வந்து நின்ற கோலத்தைப் பார்த்து மிரண்டு ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதோடு வேஷம் கட்டுவதையே நிறுத்திக்கொண்டதாகவும் சொல்வார்கள். அப்புறம் முழுக்க முழுக்க வாத்தியார்தான். மதுரையில் 1918-இல் சின்னப் பையன்களைச் சேர்த்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதில் இருந்த டி.கே. சண்முகம் என்ற சிறுவனுக்காக அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். 1921-இல் பக்கவாதம் வந்தது. கை கால் விளங்கவில்லை, பேச்சும் நின்றுபோனது. ஊர் ஊராகப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்த வாய் அது. அடுத்த ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் உயிர் பிரிந்தது. மனைவி மக்கள் என்று யாரும் கிடையாது. நாடகக்காரர்கள்தான் அவருக்குப் பிள்ளைகள். ஆண்டுதோறும் அந்த நாளில் கருவடிக்குப்பம் சமாதிக்கு மாலையோடு போகிறவர்களும் அவர்களேதான்.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இவன் ஏன் வரிந்துகட்டிக்கொண்டு எழுதுகிறான் என்று நினைக்கலாம். எங்கள் ஊர் கொடுமுடி. எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரில் சுமந்த கே.பி. சுந்தராம்பாள், சிறுமியாக வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து மேடை ஏறியவர். அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடியாகப் பாடி நடித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட ‘வள்ளி திருமணம்’ சுவாமிகள் எழுதிக் கொடுத்த சொத்து. சுவாமிகளிடம் வளர்ந்த டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் (டி.கே.எஸ். சகோதரர்கள்) 1944-இல் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியது எங்கள் ஈரோட்டில். ஆகவே இந்தக் கடன் எங்களுக்கும் உண்டு.

கட்டுரையில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடல்காற்றும் அமைதியும்தான் கலைஞர்களை அங்கே இழுத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். கி.ரா. காற்று வாங்கவா புதுச்சேரிக்குப் போனார்? பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத ஒரு கரிசல் காட்டு விவசாயியைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பட்டம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்போதைய துணைவேந்தர் வேங்கடசுப்பிரமணியனுக்கு அவரிடம் இருந்த சரக்கு தெரிந்திருந்தது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார் மனிதர். பிறகு இலாசுப்பேட்டையில் அரசு குடியிருப்பில் வீடும் கிடைத்தது. 2021 மே மாதம் 98 வயதில் கண்ணை மூடும் வரை எழுத்து நிற்கவில்லை. வேலை கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள், மரியாதை கொடுத்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? பிரபஞ்சன் அந்த ஊரிலேயே பிறந்தவர். 2018 டிசம்பரில் அவரை அரசு மரியாதையோடு அனுப்பி வைத்தார்கள்.

சரி, கொங்கு நாட்டில் கடல் இல்லை. அதற்காக இங்கே இதைச் செய்ய முடியாது என்று ஆகிவிடுமா? பாரதியை 1921-இல் ஈரோட்டுக்குக் கூப்பிட்டு, கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேச வைத்தவர் வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை. ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று அங்கே பேசிவிட்டுப் போன கவிஞர் அந்த செப்டம்பரிலேயே திருவல்லிக்கேணியில் காலமானார். புதுவைக்காரரான பாரதிதாசனுக்கு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி எழுத்து வேலை கொடுத்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் ஓடிய நாட்களில் எத்தனை நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இங்கே சோறு இருந்தது! படத் தொழில் மொத்தமாகச் சென்னைக்குப் போனதும் அவர்களும் போய்விட்டார்கள்.

போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களைப் பற்றித்தான் என் கவலை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்றும் மாரியம்மன் நோம்பிக்கு ‘வள்ளி திருமணம்’ போடும் ஊர்கள் உண்டு. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது நடுச்சாமம் தாண்டிவிடும். சாக்கை விரித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆத்தாமார்கள் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதற்கு ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். பகலில் மஞ்சள் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியில் விழுந்த ஓட்டையை சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுகிற ரப்பர் துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார். ராஜபார்ட் (கதாநாயக வேஷக்காரர்) எந்தச் சுருதியில் எடுத்தாலும் அவர் விரல் அங்கே போய் நிற்கும். சுவாமிகளின் பாட்டு எத்தனை விதமான மெட்டில் பாடப்பட்டது என்று அவரைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார். நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு மனு போட்டபோது, ஓர் அலுவலகத்தில் பழைய நாடக நோட்டீஸ் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பந்தலில் ஒட்டிய நோட்டீஸை யார் எடுத்து வைப்பார்கள்?

கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு என்று தொழிலில் சம்பாதித்துக் கல்யாண மண்டபமும் கல்லூரியும் கட்டிய குடும்பங்கள் ஏராளம். இப்படி ஒரு ஆர்மோனியக்காரரை, பெண் வேஷம் கட்டும் ஒரு ஸ்திரீபார்ட் நடிகரை, உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவரை ஒரு வருஷத்துக்காவது வகுப்பில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கி.ரா.வுக்குப் புதுச்சேரி செய்தது இதைத்தான். நாமும் செய்ய வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற நவம்பர் 13-ஆம் தேதி கருவடிக்குப்பத்துக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். அங்கே வருகிற நாடகக்காரர்களிடம் பேசி, விடுபட்டதை இதழில் போடுங்கள். அந்த ஆர்மோனியப் பெரியவரின் மெட்டுகளைப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வழியாக எனக்குத் தகவல் தரட்டும். பஸ் சார்ஜ் நான் கொடுக்கிறேன், சாப்பாடும் தங்கலும் எங்கள் வீட்டில்.

தங்கள் வாசகர்,
கொடுமுடி, ஈரோடு மாவட்டம்.